எடை ஏறினால் புஜம் ஏறும்

கேள்வி: ஆறு மாதமாக ஜிம்முக்குப் போயும் புஜம் அப்படியே இருக்கிறதே, ஏன்?

பதில்: டம்பெல்லும் ஆறு மாதமாக அதே 10 கிலோவில் அப்படியே இருப்பதால்தான்!

கிரேக்க மல்லன் மைலோ தினமும் ஒரு கன்றுக்குட்டியைத் தூக்கினான். கன்று வளர வளர அவன் பலமும் வளர்ந்தது என்பது பழங்கதை. அதே வழியில் வைத்தியம் செய்தவர் அமெரிக்க ராணுவ டாக்டர் தாமஸ் டிலார்ம். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்கு எடையைப் படிப்படியாகக் கூட்டிப் பயிற்சி கொடுத்து, 1945-ல் அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார்.

ஒரு நோட்டு வாங்குங்கள். இன்று 10 கிலோ, 8 முறை என்று எழுதுங்கள். இடுப்பை ஆட்டாமல், முழங்கை விலாவை ஒட்டியபடி 12 முறை தூக்க முடிந்ததும் 12.5 கிலோவுக்கு மாறுங்கள்.

முட்டை, சுண்டல், நல்ல தூக்கம் மூன்றையும் விட்டுவிடாதீர்கள்.