புள்ளியியல் நோக்கில் ஜெல் பேனா

ஸ்டேஷனரி கடையில் பேனா வாங்குகிறவர் அதைச் சோதிக்கும் முறை ஊருக்கு ஊர் மாறுவதில்லை. கடைக்காரர் நீட்டும் துண்டுத்தாளில் சுருள்சுருளாக நாலு வட்டம், அதனடியில் ஒரு கையெழுத்து, கையெழுத்துக்கு அடியில் ஒரு கோடு. முடிந்தது, பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். இந்தச் சோதனையின் ஆய்வு மதிப்பு சுழியம் என்று நிறுவுவதே இக்கட்டுரையின் முதல் வேலை. பேனா முனையில் இருக்கும் உருண்டை உருள்கிறதா இல்லையா என்பதைத்தான் சுருள் காட்டும். உருளாத பேனாவை எந்தக் கம்பெனியும் விற்பதில்லை. வாங்குகிறவர் வீட்டுக்குப் போய் எழுதப்போவதோ சுருள் அல்ல, தமிழ். தமிழில் வரிக்கு வரி மெய்யெழுத்து வரும். மெய்யெழுத்துக்குத் தலையில் புள்ளி வேண்டும். ஆகவே தமிழ் எழுதுகிறவரின் பேனாவைப் புள்ளியைக் கொண்டுதான் எடைபோட வேண்டும். அந்தப் புள்ளி நன்றாக விழுவதில் பேனாவுக்குப் பாதிப் பங்குகூட இல்லை, மிச்சமெல்லாம் காகிதத்தின் பங்கு என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வுக்களமாக ஜவளகிரியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கர்நாடக எல்லையை ஒட்டிய இந்த ஊர்ப்பக்கத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகின்றன. ஒரே பேனா மூன்று எழுத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைவிட முக்கியம், ‘ஜவளகிரி’ என்ற பெயரில் ஒரு புள்ளிகூட இல்லை. ஊர்ப்பெயரை மட்டும் எழுதிப் பார்த்தால் எந்த மட்டமான பேனாவும் தேறிவிடும். முகவரி நீள நீளத்தான் சாயம் வெளுக்கும். ‘தேன்கனிக்கோட்டை வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்’ என்று முடிப்பதற்குள் எட்டுப் புள்ளி வைத்தாக வேண்டும். குளிர்காலம் தொடங்கும்போது பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் இந்த வழியாக இறங்கி ராகிக் கொல்லைகளில் புகுவது ஆண்டுதோறும் நடப்பது. அதன் பின்னாலேயே வனத்துறைக்கு மனு எழுதுவதும் நடக்கும். அந்த மனுவில் ‘யானை’, ‘ராகி’ இரண்டும் புள்ளியில்லாமலே வந்துவிடும். ‘இழப்பீடு’ வருவதற்குத்தான் புள்ளி வேண்டியிருக்கிறது.

சாதாரண பால்பாயிண்ட் பேனாவின் மை எண்ணெய் சார்ந்தது, பிசுபிசுப்பானது. உருண்டை உருண்டால்தான் உள்ளிருக்கும் மை வெளியே வந்து தாளில் ஒட்டும். புள்ளி வைப்பதென்றால் தொட்டு எடுப்பது. அங்கே உருள்வதற்கு இடமே இல்லை. ஆகவே பல சமயம் தாளில் மையில்லாத ஒரு பள்ளம் மட்டும் விழுகிறது. பால்பாயிண்டிலேயே எழுதிப் பழகியவர்களின் கையெழுத்தைப் பார்த்தால் இதற்கான சான்று தெரியும். அவர்கள் வைப்பது புள்ளியே அல்ல. ஒருவர் குட்டி வட்டமாகச் சுழிப்பார், இன்னொருவர் சாய்வாக ஒரு கீறல் கீறுவார், மூன்றாமவர் காற்புள்ளியைத் தூக்கி மேலே வைத்துவிடுவார். சோம்பேறித்தனம் என்று ஆசிரியர்கள் வைவது நியாயமில்லை. உருண்டையை எப்படியாவது கொஞ்சம் உருட்டிவிட வேண்டுமென்று கை தானாகக் கண்டுபிடித்த வழி அது. ஜெல் மையோ நீர் சார்ந்தது. சும்மா இருக்கையில் கெட்டியாக நிற்கும், உருண்டையின் அசைவு பட்டதும் இளகும், தாளில் இறங்கியதும் மறுபடி கெட்டிப்படும். உருண்டையின் மேல் எப்போதும் ஈரப்படலம் இருப்பதால் தொட்ட மாத்திரத்தில் புள்ளி விழுந்துவிடும். ஒசாகாவின் சகுரா நிறுவனம் இந்த மைக்காகத் துருவிய கிழங்கு, முட்டை வெள்ளைக்கரு என்றெல்லாம் முயன்று பார்த்துக் கடைசியில் சாந்தன் கம் என்ற பிசினில் வந்து நின்றதாகச் சொல்வார்கள். உணவைக் கெட்டியாக்கவும் இதே பிசின்தான் பயன்படுகிறது. அந்தப் பேனா விற்பனைக்கு வந்தது 1984-இல். கரூர்ப் பக்கம் காகிதபுரத்தில் டி.என்.பி.எல். ஆலை கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யத் தொடங்கியதும் அதே 1984. ஓசூரில் கடிகாரம் செய்யும் டைட்டன் நிறுவனம் பதிவானதும் அதே ஆண்டுதான். மூன்றையும் முடிச்சுப் போட்டு ஒரு கோட்பாடு சமைக்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆய்வு நேர்மை கையைப் பிடிக்கிறது.

இனி காகிதம். எழுதுகருவிக்கும் எழுதுபரப்புக்கும் உள்ள சண்டையில் முதலில் பலியாவது புள்ளிதான் என்பதற்கு ஓலைச்சுவடியே சாட்சி. மெய்க்குப் புள்ளி உண்டென்று தொல்காப்பியம் விதித்திருக்கிறது. ஆனால் ஏடெழுதினவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள்; எழுத்தாணியால் குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். எழுத்தாணியில் குறையில்லை, தாங்கவேண்டிய பரப்புதான் தாங்கவில்லை. இன்றைக்கு அந்த ஓலையின் இடத்தில் இருப்பது மெலிந்த நோட்டுத்தாள். அதில் ஜெல் பேனாவால் ‘க்’ எழுதினால் புள்ளி நாலாபக்கமும் ஊறிக் கீழே இறங்கி, ‘க’-வின் மேற்கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். தாளைத் திருப்பினால் பின்பக்கத்தில் அம்மை போட்ட முகம் தெரியும். உடனே பேனாவைத் திட்டுவது வழக்கம்.

தாளின் கனத்தை ஜி.எஸ்.எம். என்று சொல்கிறார்கள், ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பது கணக்கு. உறையில் அச்சிட்டிருப்பதை நம்பாதவர்கள் மளிகைக்கடைத் தராசை நம்பலாம். பதினாறு ஏ4 தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆகவே 80 ஜி.எஸ்.எம். தாள் ஒன்று 5 கிராம், 500 தாள் கொண்ட ரீம் இரண்டரைக் கிலோ. 70 என்றால் ஏறத்தாழ 2 கிலோ 190 கிராம். தராசு முள்ளில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஆனால் கனம் மட்டும் போதாது. மை ஊறாமலிருக்கத் தாளுக்கு ஏற்றும் பசை சரியாக இல்லையென்றால் தடித்த தாளும் உறிஞ்சும். எனவே ஜெராக்ஸ் கடையிலேயே ஒரு தாள் கேட்டு வாங்கி, ‘ண்’ என்று ஒரு வரி நிறைய எழுதி, விரலால் ஒருமுறை தேய்த்து, திருப்பிப் பார்ப்பது நலம். புது ரீஃபில் என்றால் முனையில் ஒட்டியிருக்கும் மெழுகுச் சொட்டை முதலில் கிள்ளி எறிய வேண்டும். அதை எடுக்காமலே ‘எழுதவில்லை’ என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. மார்கழிப் பனியில் ஈரத்தை வாங்கிக்கொண்டு நமுத்துப்போன தாளில் மை கூடுதலாகப் பரவும், காயவும் நேரமெடுக்கும். ஜவளகிரிப் பக்கத்தில் இந்தச் சோதனையைக் காலையிலேயே செய்துவிட்டால் பேனாவின் மோசமான முகம் தெரிந்துவிடும்.

‘ண’-வைத் தேர்ந்ததற்குக் காரணம், அது மூணு சுழி. ‘ன’ ரெண்டு சுழி. 0.7 முனையால் நெருக்கமாக எழுதினால் சுழிகளுக்குள் மை நிரம்பி, மூணா ரெண்டா என்று எண்ணமுடியாமல் போகும். 0.5 அந்தச் சுழியைத் திறந்து வைக்கும். (அந்த எண் உருண்டையின் விட்டம், விழும் கோடு அதைவிட மெலிது.) ஆனால் அதே கடையில் கன்னடம் எழுதுகிறவரைக் கேட்டால் தொட்டு எடுக்கும் புள்ளி அவருக்கு ஒரு பிரச்சினையே அல்ல என்பார். மெய்க்குப் புள்ளி வைக்காமல் அடுத்த எழுத்தைக் கீழே தொங்கவிடுவது அவர் முறை. அனுஸ்வாரத்துக்குப் போடுகிற சின்ன வட்டம் உருட்டித்தான் எழுதப்படுகிறது, பால்பாயிண்டே போதும். தெலுங்குக்காரருக்கும் அப்படித்தான். ஆகவே ‘நல்ல பேனா’ என்று பொதுவாக ஒன்று கிடையாது. எந்த எழுத்துக்கு நல்லது என்று கேட்க வேண்டும்.

இதற்கு மறுப்புகள் எழும். இப்போது யார் கையால் எழுதுகிறார்கள் என்பது முதல் மறுப்பு. மனு கொடுக்கும் நாளில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் நின்று பார்த்தவர்கள் இதைக் கேட்கமாட்டார்கள். ஜெல் ரீஃபில் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்பது உண்மை, அதற்குப் பதில் இல்லை. ஓசூர் சிப்காட்டிலிருந்து வரும் மறுப்பு இன்னும் வலுவானது: டெலிவரி சலானை மூன்று பிரதியாகக் கார்பன் வைத்து எழுத ஜெல் பேனா உதவாது. அது அழுத்தமில்லாமல் எழுதவே பிறந்தது. மூன்றாவது பிரதி வெள்ளையாகவே போகும். சலான் எழுதுகிறவர் பால்பாயிண்டையே வைத்துக்கொள்ளட்டும். லாரி நம்பருக்குப் புள்ளி தேவையில்லை.

கடைசி மறுப்புதான் கொஞ்சம் ஆழமானது. புள்ளியில்லாத ஏடுகளை நம் முன்னோர் நூற்றாண்டுக் கணக்கில் படிக்கவில்லையா, இடம் பார்த்துப் பொருள் கொள்ளத் தெரியாதா என்று புலவர்கள் கேட்கலாம். ஏடு படித்தவருக்கு யாப்பு கைகொடுத்தது; பாதிப் பாட்டு மனப்பாடமாகவும் இருந்தது. விண்ணப்பப் படிவத்துக்கு யாப்பு கிடையாது. பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளைக்காக வங்கிக்கு எழுதும் கடிதத்தில் ‘கல்விக் கடன்’ என்ற இடத்தில் முதல் புள்ளி விழாமல் போனால் அங்கே இருப்பது ‘கலவிக் கடன்’. இடம் பார்த்து மேலாளர் சரியாகவே பொருள் கொள்வார். கொள்வதற்குள் அவர் முகம் போகிற போக்கை எதிர் நாற்காலியில் பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்க வேண்டியவர் விண்ணப்பதாரர்.