ஜூலிக்கு வரன் வேண்டாம்

எங்கள் வீட்டில் கல்யாண வயதில் ஒரு பெண் இருக்கிறாள் என்பது கே.கே. நகரில் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்த செய்தி. நல்ல நிறம், சாந்தமான சுபாவம். பசி மட்டும் கொஞ்சம் அதிகம். பெயர் ஜூலி, வயது இரண்டு, இனம் லாப்ரடார்.

எங்களுக்கு ஒரு மகளும் உண்டு. அவளுக்கு வரன் கேட்டு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஜூலியைக் கேட்டு வந்தவர்களுக்குக் காபி போட்டே என் மனைவிக்கு அலுத்துவிட்டது. ஜூலியைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தது அந்த மகள்தான். "நானே வாக்கிங் கூட்டிட்டுப் போவேன், நானே குளிப்பாட்டுவேன், உங்களுக்கு ஒரு வேலையும் இருக்காதுப்பா" என்று சத்தியம் செய்தாள். பிறகு பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். இப்போது தினமும் இரவில் வீடியோவில் வந்து, "ஜூலி சாப்பிட்டாளா?" என்று கேட்கிறாள். அப்பா சாப்பிட்டாரா என்பது அடுத்த கேள்வியாகக்கூட வருவதில்லை. பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கும் நாய்களை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற அப்பாக்கள்தான் என்பது காலை ஐந்தரை மணிக்கு எங்கள் பூங்காவைச் சுற்றிப் பார்த்தால் புரியும்.

முதலில் ஆரம்பித்தவர் இஸ்திரி போடுபவர். "சார், பொண்ணுக்கு ரெண்டு வயசாச்சு. எப்ப சார் கிராஸிங் போடப் போறீங்க? குட்டி போட்டா நமக்கு ஒண்ணு சொல்லிவையுங்க." அடுத்து பால்காரர், மாடி வீட்டு மாமி, நான் கணக்கு வைத்திருக்கும் வங்கியின் காசாளர். கடைசியில் என் மனைவியின் பெரியம்மா தஞ்சாவூரிலிருந்து போன் செய்தார். "பொம்பளப் பிள்ளையா பொறந்தது ஒரு தடவையாவது தாயாக வேண்டாமாடி? அந்தப் பாவம் உங்களுக்கு எதுக்கு?" என்றார். பக்கத்து வீட்டு நாய் தன் வாசல்படியில் படுத்தாலே வாளித் தண்ணீரை ஊற்றுகிறவர் அவர்.

பையன் வீட்டாரில் முதலாவதாக அண்ணா நகரிலிருந்து ஒருவர் வந்தார். கையில் ஃபைல். உள்ளே கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழ். அதில் பையனின் அப்பா, அம்மா, தாத்தாக்கள், பாட்டிகள் என்று வம்சமே வரிசையாக இருந்தது. அவர்களில் சிலர் சாம்பியன்கள். திதி கொடுக்கும்போது கொள்ளுத் தாத்தா பெயரைக் கேட்டால் நான் புரோகிதரின் முகத்தைப் பார்க்கிறவன். எனக்குக் கூச்சமாகிவிட்டது. ஜூலியிடம் அப்படி எந்தக் காகிதமும் இல்லை என்று சொன்னேன். "பரவாயில்லை சார், பொண்ணைப் பார்த்தாலே தெரியுது" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். பெண்ணோ அவர் கொண்டுவந்த பிஸ்கட் பாக்கெட்டை உறையோடு விழுங்கிக்கொண்டிருந்தது.

நாய் உலகத்திலும் சம்பிரதாயம் உண்டு. பெண்ணைத்தான் மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டும். ஆண் நாய் தன் இடத்தில் இருந்தால்தான் தைரியமாக இருக்குமாம். புது இடத்தில் கால் தூக்கி எல்லை போடுவதிலேயே பொழுது போய்விடும். செலவும் பெண் வீட்டாருடையது. ஒரு தொகை கொடுக்க வேண்டும், அல்லது பிறக்கும் குட்டிகளில் முதல் குட்டியை, அதாவது இருப்பதில் சிறந்ததை, மாப்பிள்ளை வீட்டார் பொறுக்கி எடுத்துக்கொள்வார்கள். இதைக் கேட்டதும் என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இங்கேயுமா?" என்றாள்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "பையனுக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கீங்களா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. லாப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். தொடை எலும்பின் உருண்டை தன் குழியில் சரியாக உட்காராது. சிறு வயதில் துள்ளிக் குதிக்கும் நாய், சில வருடங்களில் படியேற முடியாமல் தவிக்கும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். புருசெல்லா என்கிற தொற்று இருக்கிறதா என்று இரண்டு பேருக்கும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். பத்துப் பொருத்தம் என்று நாம் பார்ப்பதில் இவை கிடையாது. நாய்க்கு இவைதான் பொருத்தமே. "எங்க பையனுக்கு ஒரு குறையும் இல்லை சார்" என்றபடி ஃபைலை மூடினார். மாப்பிள்ளை வீட்டில் சம்பளச் சீட்டைக் கேட்டால் எப்படிப் பேசுவார்களோ அந்தக் குரல்.

நிறத்தையும் சொந்தத்தையும் நாம் நாய்களிடம்கூட விடவில்லை. ராஜபாளையம் நாயைப் பாருங்கள். தபால் தலையில் இடம்பெற்ற இனம் அது. 2005-ல் அஞ்சல் துறை இந்திய நாய்களுக்கு வெளியிட்ட நான்கு தலைகளில் ஒன்று அதற்குப் போனது. உயரமான, கம்பீரமான காவல் நாய். ஆனால் விற்பனைக்கு வரும்போது கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பால் வெள்ளையா, மூக்கு ரோஸ் நிறமா? ஒரு மச்சம் இருந்தால் விலை இறங்கிவிடும். வெள்ளைக்கு வெள்ளை, அதுவும் சொந்தத்துக்குள்ளேயே என்று சேர்த்துச் சேர்த்து வளர்த்ததன் பலன், காது கேளாமல் போகும் குட்டிகள். உள்காதில் நிறமி செல்கள் இல்லாவிட்டால் கேட்கும் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே செயலிழந்துவிடும். தோல் வெளுக்க ஆசைப்பட்டுக் காதைப் பறிகொடுத்த கதை. மேட்ரிமோனியல் விளம்பரம் எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம், ஆனால் யோசிக்க மாட்டார்கள்.

சிப்பிப்பாறையும் கன்னியும் கோம்பையும் நம் வெயிலில் முயலையும் பன்றியையும் துரத்தி வளர்ந்த இனங்கள். ஜூலியின் முன்னோர்கள் நியூஃபவுண்ட்லாந்தின் குளிர்க் கடலில் மீனவர்களோடு வலை இழுத்தவர்கள். அதற்கென்று இரட்டை அடுக்கு ரோமம். அந்த வம்சம் மே மாதத்தில் கே.கே. நகரில் ஃபேனுக்கடியில் நான்கு காலையும் பரப்பிப் படுத்திருக்கிறது. இவளாவது பரவாயில்லை. எதிர் அடுக்ககத்தில் சைபீரிய ஹஸ்கி ஒன்று இருக்கிறது. அதற்காக நாள் முழுக்க ஏசி ஓடுகிறது. அந்த வீட்டுத் தாத்தா போர்வை போர்த்திக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறார்.

ஜூலிக்குப் பருவம் வந்த மூன்று வாரங்களைப் பற்றித் தனியாகப் புராணமே எழுதலாம். வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு முறை. இதை எங்கள் வாட்ச்மேனுக்கு முன்னால் தெரிந்துகொண்டவர்கள் நான்கு தெரு தள்ளி இருந்த மாப்பிள்ளைகள். ஃபைல் இல்லை, சான்றிதழ் இல்லை, தாத்தா பெயர் கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் பொறுமை இருந்தது. மழையிலும் கேட்டை விட்டு அசையவில்லை. காதறுந்த கறுப்பன் ஒருவன் ஆக்டிவா சீட்டின் மேலேயே குடியேறிவிட்டான். அண்ணா நகர்க்காரரைவிட இவன் நேர்மையானவன் என்று என் மனைவி தீர்ப்புச் சொன்னாள். வாக்கிங் போக வேண்டுமென்றால் நான் கையில் கம்போடும், வாட்ச்மேன் பின்னால் பக்கெட் தண்ணீரோடும், நடுவில் ஜூலியுமாக ஊர்வலம் போனோம். இசட் பிரிவுப் பாதுகாப்பு என்று தெருப்பையன்கள் பெயர் வைத்தார்கள்.

நடுவில் நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். வங்கியில் இருந்தவன், அந்தப் பழக்கம் போகாது. கர்ப்பம் ஏறத்தாழ 63 நாள். லாப்ரடாருக்குச் சாதாரணமாக ஆறு முதல் எட்டுக் குட்டிகள். முதல் இரண்டு வாரம் கண் திறக்காது. எல்லாவற்றையும் தாயே நக்கிச் சுத்தம் செய்துவிடும். குட்டிகள் சாதம் நக்க ஆரம்பித்ததும் அந்த வேலையைத் தாய் ராஜினாமா செய்துவிடும். பதவி வீட்டுக்காரருக்கு வரும். எட்டுக் குட்டி, ஒவ்வொன்றும் நாளைக்கு ஐந்தாறு தடவை என்றால் தினசரி வரவு நாற்பதுக்கு மேல். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து, ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் பார்வோவுக்கும் டிஸ்டெம்பருக்கும் முதல் தடுப்பூசி. பார்வோ வந்தால் குட்டி இரண்டு மூன்று நாளில் போய்விடக்கூடும்.

சட்டமும் இருக்கிறது. 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி, குட்டி விற்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. தாய்க்குப் பதினெட்டு மாதமாவது ஆகியிருக்க வேண்டும், எட்டு வயதைத் தாண்டியிருக்கக் கூடாது, ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. சந்தையில் கூடைக்குள் கண்கூடச் சரியாகத் திறக்காமல் நடுங்கும் குட்டிகளை விற்கிறவர்களிடம் இதைச் சொன்னேன். "சார், வாங்குறதா இருந்தா வாங்குங்க" என்றார்கள்.

இவ்வளவும் செய்யத் துணிந்தாலும், குட்டிகளை எங்கே அனுப்புவது? முன்பதிவு செய்தவர்களிடம் சும்மா ஒரு வார்த்தை கேட்டு வைத்தேன். இஸ்திரிக்காரரின் வீட்டு ஓனர் சம்மதிக்கவில்லையாம். மாடி வீட்டு மாமி புதுசாக டைல்ஸ் போட்டிருக்கிறாராம். காசாளருக்குத் திருச்சிக்கு மாற்றலாம். பால்காரர் மட்டும், "எடுத்துக்கறேன் சார், ஆனா ஆண் குட்டிதான் வேணும்" என்றார்.

பெரியம்மாவின் பாவக் கணக்கை டாக்டரிடம் கொண்டுபோனேன். ஒரு தடவை குட்டி போட்டால் கர்ப்பப்பைக்கு நல்லது என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரமே கிடையாது என்றார் அவர். கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு வயதாக ஆகக் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் நோய் வரும்; கவனிக்காவிட்டால் உயிர் போகும். மார்புக் கட்டிகளும் கருத்தடை செய்யாதவற்றுக்கே அதிகம். "எப்போது செய்வது என்பது இனத்தையும் எடையையும் பொறுத்தது. இவளுக்கு வயது சரி, எடைதான் சரியில்லை" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார்.

எடைக்கு நான் பொறுப்பல்ல. லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் மரபணு ஒன்றில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது என்று 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஜூலி அந்த நான்கில் ஒன்று. பரிசோதனை செய்யவில்லை, எங்கள் தயிர் சாதப் பாத்திரத்தைப் பார்த்தவர்கள் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். விருந்தாளிகள் வேறு, இலையிலிருப்பதை நைசாகக் கீழே தள்ளுவார்கள். பாயசத்துத் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், வெங்காயம் ரத்தத்தைக் கெடுக்கும், சாக்லேட் இதயத்தைப் படபடக்க வைக்கும் என்று நான் ஒவ்வொரு பந்தியிலும் பிரசங்கம் செய்கிறேன். "பாவம் சார், வாயில்லா ஜீவன்" என்பார்கள். அதன் வாயை அவர்கள் சரியாகப் பார்க்கவில்லை.

அடுக்ககச் சங்கத்தில் வேறு விவகாரம். ஜூலி லிஃப்டில் வரக் கூடாது, நாய் என்றால் படிக்கட்டு என்று ஒரு தீர்மானம் போட்டார்கள். மகாபாரதத்தில் தருமர் நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வர மாட்டேன் என்று வாசலிலேயே நின்றார். அவருக்கு இந்திரனிடம் பேச வேண்டியிருந்தது. எனக்குச் செயலாளரிடம். இந்திரன் பரவாயில்லை. விலங்குகள் நல வாரியம் 2015-லேயே, வளர்ப்புப் பிராணிகளைத் தடை செய்யவோ லிஃப்டை மறுக்கவோ குடியிருப்புச் சங்கங்களுக்கு அதிகாரமில்லை என்று சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதன் நகலைக் காட்டினேன். "அப்ப அசிங்கம் பண்ணினா?" என்றார். அது நியாயமான கேள்வி. நாய் வளர்க்கிறவர்கள் உரிமையைப் பேசும் வேகத்தில் பாதி வேகத்தில்கூட கையில் பையை எடுத்துக்கொண்டு போவதில்லை. நான் எடுத்துக்கொண்டு போகிறேன். முதுநிலை மேலாளராக ஓய்வுபெற்ற ஒருவர் நடைபாதையில் குனிந்து நாய் மலம் அள்ளுவதைப் பார்த்து, என்னிடம் கடன் கேட்டு அலைந்த பழைய வாடிக்கையாளர் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தி, பரம திருப்தியோடு விசாரித்துவிட்டுப் போனார்.

மாநகராட்சி உரிமம் வாங்கியாயிற்று. அதற்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று கட்டாயம். தோளில் அரிசி அளவுக்கு ஒரு மைக்ரோசிப்பும் செலுத்தியாயிற்று. அதன் எண் 15 இலக்கம். என் ஆதாருக்குப் பன்னிரண்டுதான். வீட்டில் யாருக்கு அந்தஸ்து அதிகம் என்பதில் எனக்கிருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது.

ஜூலிக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை நடந்து, கழுத்தில் கூம்புக் காலரோடு வீட்டுக்கு வந்தாள். மறுநாள் அதே காலரால் குப்பைத் தொட்டியை அள்ளிச் சாப்பிட்டாள். பெரியம்மா ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை. காதறுந்த கறுப்பனை மாநகராட்சி வண்டி பிடித்துப்போய், அவனுக்கும் அதே சிகிச்சையும் ஊசியும் போட்டுக் கொண்டுவந்து விட்டது. இப்போது சம்பந்தம் பேச யாரும் இல்லை.

இருந்தும் குட்டி கேட்டு ஆள் வருவது நிற்கவில்லை. ஆகவே இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்: எங்கள் வீட்டில் லாப்ரடார் குட்டி கிடைக்காது, இனியும் கிடைக்காது. உண்மையிலேயே வேண்டுமென்றால் வேளச்சேரி சாலையிலுள்ள ப்ளூ கிராஸுக்குப் போய்ப் பாருங்கள். தத்தெடுக்க ஆளில்லாமல் நிறையக் குட்டிகள் அங்கே இருக்கின்றன. தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் மகளுக்குப் பெங்களூரில் வேலை கிடைக்குமா என்பதையும் முன்னதாக விசாரித்துவிடுங்கள்.