வாசலில் ஒரு சைபீரியா

பால் பாக்கெட் எடுக்கப் போன மனைவி வெறுங்கையோடு திரும்பி வந்து, "ஏங்க, நம்ம கேட்ல ஓநாய் ஒண்ணைக் கட்டி வெச்சிருக்காங்க" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாத ஐந்தரை மணி. அக்னி நட்சத்திரத்தின் முதல் வாரம். நங்கநல்லூருக்கு ஓநாய் வருவதற்கான சாத்தியக்கூறு இல்லை என்று விளக்கிக்கொண்டே போய்ப் பார்த்தேன். ஓநாய் இல்லை, சைபீரியன் ஹஸ்கி. நீலக் கண். உடம்பெல்லாம் இரண்டு அடுக்கு ரோமம். கழுத்தில் துணி காயப்போடும் கொடிக்கயிறு. பக்கத்தில் பாதி தீர்ந்த தீனி மூட்டை, ஒரு எவர்சில்வர் கிண்ணம், ஒரு துண்டுச் சீட்டு: "பெயர் ஸ்னோ. வயது இரண்டு. ரொம்ப நல்ல குழந்தை. ஏசி 18-ல் வைத்தால்தான் தூங்குவாண். ப்ளீஸ்."

ப்ளீஸுக்குப் பக்கத்தில் ஒரு இதயம் வேறு.

முப்பத்தொரு வருஷம் தமிழாசிரியராக இருந்தவன் நான். சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, 'தூங்குவாண்' என்பதில் இருந்த மூன்று சுழியை முதலில் இரண்டாக்கினேன். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. எழுதியவர் என்னிடம் படித்தவராக இருக்கக்கூடாது என்று எங்கள் ஊர் ஆஞ்சநேயரை வேண்டிக்கொண்டேன்.

காப்பகத்திலிருந்து நாய் எடுத்து வளர்க்க நினைப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்கிறேன். அதற்கு முன், ஊரில் இத்தனை கேட் இருக்க என் வீட்டு கேட்டுக்கு ஏன் சைபீரியா வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

மூன்று வருஷம் முன்னால் ஒரு தப்புப் பண்ணினேன். விலங்குக் காப்பகம் ஒன்றில் தரையில் விரிக்கப் பழைய செய்தித்தாள் வேண்டும் என்றார்கள். நல்ல காரியமாயிற்றே என்று ஒரு கட்டு எடுத்துக்கொண்டு போனேன். எடைக்குப் போட்டிருந்தால் காசு வந்திருக்கும். காப்பகத்துக்குக் கொடுத்ததில் நாய் வந்தது.

உள்ளே பினாயில் வாசனையும் வெந்த சோற்று வாசனையும் கலந்து அடித்தது. பத்து நாய்க்குக் கட்டிய கூண்டில் இருபதுக்கு மேல். வண்டி ஏறிப் பிழைத்து மூன்று காலில் நடப்பவை, கண் திறக்காத குட்டிகள், தெருவுக்குப் பழகாததால் திருதிருவென விழிக்கும் லாப்ரடார்கள். ஒரு மூலையில் வயசான பக் ஒன்று குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. 2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பையன் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போயிற்றே, அந்த ஜாதி. பையன் பின்னால் நாய் ஓட, நாய் பின்னால் ஊரே ஓடியது. ஊர் எப்போதோ நின்றுவிட்டது. நாய் இங்கே படுத்திருக்கிறது.

"ஒண்ணு வெளிய போனா மூணு உள்ள வருது சார். சும்மா பாத்துட்டுப் போங்க" என்றார் அங்கே வேலை செய்பவர். பட்டுப்புடவைக் கடைக்காரரும் இதையேதான் சொல்வார். சும்மா பார்த்தேன். செவலை நிறத்தில் ஒரு நாட்டு நாய், ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடிந்து, என்னைச் சும்மா பார்த்தது.

ஆதார் கேட்டார்கள், சொந்த வீடா வாடகை வீடா என்றார்கள், மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் உண்டா என்றார்கள், வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். "எங்க மாமனார்கூட இவ்வளவு விசாரிக்கலை" என்றேன். "விசாரிச்சிருந்தா குடுத்திருக்க மாட்டார்" என்றாள் மனைவி. பிரஷர் குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும் அந்த நாய்க்கு வீராசாமி என்று பெயர் வைத்தோம்.

அன்றிலிருந்து நடைப்பயிற்சியில் ஒரே கேள்வி: "என்ன பிரீடு சார்?" நாட்டு நாய் என்றால் முகம் தொங்கிவிடுகிறது. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலை போட்டார்கள். வீராசாமியின் வம்சத்துக்கு மாநகராட்சி வண்டிதான் வரும். கேட்டுக் கேட்டுச் சலித்து, ஒரு நாள் ஒருவரிடம் "பழவந்தாங்கல் ஷெப்பர்ட்" என்றேன். "குட்டி கிடைக்குமா, என்ன விலை?" என்று கேட்டார்.

அதைவிட மோசம், நான் 'நாய் சார்' ஆனது. "சார், நீங்க டாக் லவராமே?" என்று முன்பின் தெரியாதவர்கள் போன் செய்கிறார்கள். நாற்பது வருஷம் குடித்தனம் பண்ணியும் மனைவியிடம் அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. கூப்பிடுகிற எல்லோரிடமும் ஒரு நாய் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, ஒரு காரணம் இருக்கிறது.

இந்தக் காரணங்களைக் கேட்டுக் கேட்டு ஒன்று புரிந்தது. தொல்காப்பியர் இன்று இருந்தால் இவற்றை ஐந்திணையாகப் பிரித்திருப்பார். அவர் இல்லாததால் நான் பிரித்திருக்கிறேன்.

முதலில் குறிஞ்சி. உரிப்பொருள் கூடல். பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். அதாவது ஏசி போட்ட கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் குட்டி. தலைவனும் குட்டியும் எதிர்ப்படுகிறார்கள். கண்ணும் கண்ணும் கலக்கின்றன. பாங்கனாக வந்த மகள் "டாடி, ப்ளீஸ்" என்கிறாள். விலையைக் கேட்டு மயங்க வேண்டிய தலைவன் மயங்காமல் கார்டை நீட்டுகிறான்.

அடுத்து மருதம். உரிப்பொருள் ஊடல். குட்டி சோபாவைக் கடிக்கிறது, ரோமம் உதிர்ந்து சாம்பாரில் மிதக்கிறது. மருதம் என்றால் பரத்தை இல்லாமலா? ஆறே மாதத்தில் ஷிட்ஸு ஒன்று மடியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. "ரெண்டுக்கும் ஒத்துப்போகலை சார். பெரிசை நீங்க எடுத்துக்கறீங்களா?" லாப்ரடாருக்கு வாயில் மறுக்கத் தெரியாது. வாலைத்தான் ஆட்டுகிறது.

மூன்றாவது பாலை, பிரிதல். இதில்தான் சரக்கு அதிகம். சங்கத் தலைவன் தலைவியை விட்டுப் பொருள் தேடிச் சுரம் கடந்தான். இன்றைய தலைவன் தலைவியையும் மிக்ஸியையும் கூட்டிக்கொண்டு டாலஸுக்குப் போகிறான். நாய்க்கு மட்டும் விசா இல்லையாம். பொருள்வயிற் பிரிவைத் தவிர வேறு பிரிவுகளும் உண்டு. வீட்டுக்காரர்வயிற் பிரிவு. மருமகள் மசக்கைவயிற் பிரிவு. அபார்ட்மெண்ட் சங்கவயிற் பிரிவு. ஜோசியர்வயிற் பிரிவு: "நாய் எங்க ராசிக்கு ஆகலைன்னுட்டார் சார்." அதே ஜோசியர் சனிக்கிழமை நாய்க்கு பிஸ்கட் போட்டால் தோஷம் விலகும் என்றும் சொல்லியிருக்கிறார். ஆக, சொந்த நாயைத் தெருவில் விட்டுவிட்டு, சனிக்கிழமை தெருநாய்க்கு பிஸ்கட் போடுகிறார்கள். அது பழைய நாயாகவே இருந்தால் பரிகாரம் செல்லுமா என்று கேட்டேன். கூப்பிட்டவர் போனை வைத்துவிட்டார்.

"நீங்க எழுதறது நாயைப் பத்தியா, பொருளதிகாரத்தைப் பத்தியா?" என்று பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள் மனைவி. இரண்டுதான் பாக்கி என்றேன்.

நெய்தல். உரிப்பொருள் இரங்கல். இது முழுக்க வாட்ஸப்பில் நடக்கிறது. "அவசரம்! நல்ல வீடு தேவை! மேக்ஸிமம் ஷேர்!" பார்த்த மாத்திரத்தில் கண்ணீர் முகங்கள். நான் போட்ட ஸ்னோ படத்துக்குக் கூப்பிய கைகள் மட்டும் நாற்பதுக்கு மேல் வந்தன. நீட்டிய கை ஒன்றுகூட இல்லை. நீங்களும் கூப்பியிருப்பீர்கள். வீராசாமி வருவதற்கு முன் நானும் கூப்பிக்கொண்டுதான் இருந்தேன். காசா பணமா?

கடைசியில் முல்லை. உரிப்பொருள் இருத்தல், வருவார் வருவார் என்று காத்திருத்தல். சிறுபொழுது மாலை. பெரும்பொழுது கார். காப்பகத்தில் சாயங்காலம் போய் நின்றால் தெரியும். சாலையில் வண்டிச் சத்தம் கேட்டால் வீட்டில் வளர்ந்த நாய்கள் மட்டும் எழுந்து கம்பியோரம் வரும். அவற்றுக்கும் பெரும்பொழுது கார்தான், வெள்ளைக் கார், கறுப்புக் கார். வகுப்பில் எத்தனையோ முறை முல்லைத்திணை நடத்தியிருக்கிறேன். அங்கே நின்றபோதுதான் எனக்கே பாடம் புரிந்தது என்று சொன்னால் மிகையாகத் தெரியும், சொல்லவில்லை.

இந்த ஐந்திணைக்கும் புறனடையாக ஒரு சட்டம் இருக்கிறது. சென்னையில் நாய் வளர்க்க மாநகராட்சி உரிமம் வாங்க வேண்டும். கட்டணம் 50 ரூபாய். மைக்ரோசிப் வேறு. உரிமம் இல்லாமல் வளர்த்தால் அபராதம் 5,000 ரூபாய். சரி, அதே நாயைப் பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி தெருவில் விட்டால்? 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, முதல் தடவைக்கு 10 முதல் 50 ரூபாய். வீட்டில் வைத்துச் சோறு போட்டு மாட்டினால் ஐயாயிரம். கொடிக்கயிற்றில் கட்டிவிட்டு மாட்டினால் ஐம்பது. கொடிக்கயிறே ஐம்பது ரூபாய்க்கு மேல் இருக்கும்.

நல்லவர்களும் உண்டு. கேப்டன் வி. சுந்தரம் என்ற விமானி 1959-ல் சென்னையில் புளூ கிராஸைத் தொடங்கினார். 1964-லேயே அவர்கள் தெருநாய்களுக்குக் கருத்தடை செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது மனைவி, "அது எங்க ஆரம்பிச்சது?" என்று கேட்டாள். "அவர் வீட்டிலதான்" என்றேன். அவள் கேட்டையும், ஸ்னோவையும், கட்டிலுக்கு அடியிலிருந்த வீராசாமியையும், கடைசியாக என்னையும் பார்த்தாள். நான் பேச்சை மாற்றினேன்.

ஸ்னோவைச் சேர்த்துக்கொள்வார்களா என்று காப்பகத்துக்குப் போன் செய்தேன். "சார், ஏற்கெனவே நாலு ஹஸ்கி இருக்கு. உங்களுக்கு வேணுமா?" என்றார்கள்.

ஆகவே, கத்திரி வெயிலில், எங்கள் படுக்கையறையில் ஏசி 18-ல் ஓடுகிறது. சைபீரியா நடுத்தரையில் மல்லாந்து தூங்குகிறது. பழவந்தாங்கல் கட்டிலில் என் போர்வைக்குள் இருக்கிறது. நான் கொடைக்கானலில் வாங்கிய குல்லாயைப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். மின்வாரியம் தரும் 100 இலவச யூனிட்டை நினைத்தால் சிரிப்பு வருகிறது. பல் கிட்டுவதால் சிரிக்க முடியவில்லை.

அந்த முக்கியமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். காப்பகத்திலிருந்து நாய் எடுப்பவர்கள்... இருங்கள், வாசலில் ஏதோ கார் நிற்கிற சத்தம். ஸ்னோவின் இரண்டு காதும் நிமிர்ந்துவிட்டன. ஒரு வாரமாக ஒவ்வொரு காருக்கும் இப்படித்தான். வீராசாமி இதெல்லாம் பார்த்த ஆள், தலையைக்கூடத் தூக்கவில்லை.

நானும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டுதான் போகிறேன். இந்தத் தடவை வண்டி நம்பரைக் குறித்துக்கொள்ள வேண்டும்.