வானத்துக்கும் பட்டா உண்டு

வானத்தில் வேலி கிடையாது என்று நம்பித்தான் பலரும் விமானம் ஓட்டப் பழக வருகிறார்கள். அமெரிக்காவில் அவர்கள் கையில் ‘செக்‌ஷனல் சார்ட்’ என்ற தாளைக் கொடுத்து அந்த நம்பிக்கைக்கு முடிவு கட்டிவிடுகிறார்கள். 1:5,00,000 அளவில் வரைந்த அந்தத் தாளில் ஆகாயம் முழுக்க அளந்து பட்டா போட்டாகிவிட்டது.

விமான நிலையம் நீல நிறத்தில் இருந்தால் கட்டுப்பாட்டுக் கோபுரம் உண்டு. மெஜந்தா என்றால் இல்லை. அப்பாடா, விளங்கிவிட்டது என்று நிமிர்ந்தால், ‘சி’ வகை வான்வெளியில் நீல விமான நிலையத்தைச் சுற்றி மெஜந்தா வட்டம் நிற்கும். ஏன் என்று கேட்கக் கூடாது.

பெருநகரங்களுக்கு அருகே 100-க்குக் கீழே கோடு போட்டு 30 என்றிருக்கும். பின்னக் கணக்கு அல்ல. 3,000 அடியிலிருந்து 10,000 அடி வரை அனுமதியின்றி நுழையாதே என்று பொருள். (பூஜ்யங்களை விட்டு மை மிச்சம் பிடிக்கிறார்கள் போலும்.) தாளின் ஒரு கட்டத்தில் பெரிய 4, அதன் தோளில் சின்ன 7 இருந்தால் அந்தக் கட்டத்தில் மலையும் கோபுரமும் 4,700 அடிக்குள் அடக்கம். பள்ளி ஞாபகத்தில் நான்கின் ஏழாம் அடுக்கு என்று படித்தால் 16,384 வரும். மலையில் மோத மாட்டீர்கள்தான்; ஆனால் பயிற்சிக்கு ஓட்டும் சாதாரண செஸ்னா 172 அவ்வளவு உயரம் ஏறாது.

இத்தனைக்கும் நடுவே திறந்தவெளி சினிமா தியேட்டருக்கும் தனிக்குறி உண்டு.

எல்லாம் மனப்பாடமாகும் வேளையில் 56 நாள் முடிந்து புதுப் பதிப்பு வந்துவிடும். பழையதை எறியாதீர்கள், பரிசுப் பொருள் சுற்ற அதைவிட நல்ல தாள் கிடைக்காது.