கட்டைவிரலுக்கு முன் கைப்பிடி

கேள்வி: ரஷ்ய பாலே பள்ளியில் சேர்ந்த அன்றே கால்விரல் நுனியில் நிற்கச் சொல்வார்களா?

பதில்: அன்றைக்கு ஒழுங்காக நின்றாலே போதும்!

பீட்டர்ஸ்பர்க்கின் வாகனோவா அகாதெமி 1738-இல் தொடங்கியது. சேரும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பத்து வயது. பயிற்சியோ எட்டு ஆண்டு. முதல் பாடம், சுவரோரக் கம்பியைப் பார்த்தபடி இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்து நிற்பது. இறுக்கிப் பிடிக்கக் கூடாது, விரல்கள் பட்டும் படாமலும் இருக்க வேண்டும். குதிகால் தரையை விட்டு எழாமல் மெல்ல முழங்காலை மடக்கி நிமிர வேண்டும். நம் ஊர் பரதநாட்டிய அரைமண்டி போலத்தான்: பார்க்க எளிது, தொடை வலிக்கும்போது தெரியும்.

இந்தப் பயிற்சி முறையை வகுத்தவரும், பள்ளியின் இன்றைய பெயருக்கு உரியவருமான அக்ரிப்பினா வாகனோவா மேடையில் மெதுவாகத்தான் மேலே வந்தார். 1916-இல் மேடையை விட்டவர், 1934-இல் பாடநூலே எழுதினார். காலோடு கையும் முதுகும் தலையும் சேர்ந்து பேச வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அந்தப் பிடிவாதம்தான் ரஷ்ய பாலேயின் அழகு.

தாமதமாகிவிட்டதே என்று ஏங்குவோருக்கு ஒரு செய்தி: புகழ்பெற்ற பாலே கலைஞர் ருடால்ஃப் நூரியெவ் இந்தப் பள்ளியில் சேர்ந்தது பதினேழு வயதில்!