மழைக்கோட்டுக்குள் ஒரு ஸ்வெட்டர்

நியூயார்க் மாநிலத்து ரைன்பெக்கில் அக்டோபரில் ஆடு–கம்பளித் திருவிழா நடக்கும். பின்னல்காரர்களுக்கு அது தீபாவளி. புது உடுப்பு இல்லாமல் போக முடியாது. அதற்கு ‘ரைன்பெக் ஸ்வெட்டர்’ என்றே பெயர். கொளுத்தும் கோடையில் மடியில் கம்பளியைப் போட்டு அம்மா பின்ன ஆரம்பிப்பார். ஸ்வெட்டரின் இடது கை மட்டும் காரில் போகும்போதுதான் முடியும்.

போய் இறங்கினால் மழை. மாதக்கணக்கான உழைப்பு மலிவான பிளாஸ்டிக் கோட்டுக்குள் மறைந்துவிடும். கம்பளி தன் எடையில் சுமார் 30 சதவீத ஈரத்தை வாங்கிக்கொண்டாலும் தொட்டால் தெரியாது என்று அம்மா விளக்குவார். கேட்டுக்கொண்டு நிற்கும் அப்பா போட்டிருப்பது ஜீன்ஸ், முழங்கால்வரை சேறு. அவருக்கு இரண்டே வேலை: பை தூக்குவது, “இதே நீலம் வீட்டில் இருக்கிறதே” என்று சொல்லாமலிருப்பது. முதல் வேலையில் குறை சொல்ல முடியாது.

பிள்ளைகள் பொரித்த ஆர்டிசோக் வரிசையில் நனைகிறார்கள். போட்டிக்கு வந்த செம்மறிகள் கொட்டகையில், வைக்கோல் மேல், சொட்டு ஈரமில்லாமல் அசை போடுகின்றன. மனிதர்கள் ஒதுங்க நூல் கடைகள் இருக்கின்றன. ஒதுங்குவது இலவசம்தான்; இருந்தாலும் மழை விடுவதற்குள் அம்மாவின் கையில் மூன்று சிட்டம் மெரினோ ஏறியிருக்கும். அதிலொன்று நீலம்.