தாமதச் செவியியல்: செர்ச் குழுவை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது

செர்ச் என்பது 1981-இல் ஜொகூர் பாருவில் உருவான மலாய் ராக் இசைக்குழு. பாடகர் ஏமி, அடையாள அட்டைப் பெயர் சுஹைமி அப்துல் ரஹ்மான். டிரம்ஸ் யாசிட், பாஸ் கிட்டார் நசீர், கிட்டார் டின். லீட் கிட்டாரை முதலில் வாசித்தவர் ஹிலாரி ஆங், பிற்பாடு கிட். முதல் ஆல்பமான 'சிந்தா புவாத்தான் மலேசியா' 1985-இல் வெளிவந்தது. 'மலேசியத் தயாரிப்புக் காதல்' என்பது அதன் பொருள். உள்நாட்டுப் பொருளையே வாங்குங்கள் என்று அரசாங்கம் முழங்கிக்கொண்டிருந்த காலம் அது. முதல் புரோட்டோன் சாகா காரும் அதே ஆண்டு ஜூலையில்தான் அறிமுகமானது. காருக்கு வரவேற்பு பலமாக இருந்தது; காதலுக்கு ஏற்பட்ட சிக்கல் பின்னால் வருகிறது.

'தாமதச் செவியர்' என்பவர் யார் என்பதை முதலில் வரையறுக்க வேண்டும். ஜொகூரில் பிறந்து, ஜொகூரிலேயே வளர்ந்து, செர்ச்சின் பொற்காலம் முழுக்க அதே ஊர்களில் நடமாடிவிட்டு, ஐம்பதைத் தாண்டிய பிறகு ஒருநாள் அந்தக் குழுவை உட்கார்ந்து கேட்கத் தொடங்கும் தமிழர் இப்பெயரால் குறிக்கப்படுகிறார். பெரும்பாலும் ஆண். பெண்கள் முன்னதாகவே கேட்டுவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தவர்கள் என்று கருத இடமுண்டு. லிவர்பூலின் பீட்டில்ஸை ஜொகூரின் மாசாய்க்காரர் ஒருவர் அறுபது வயதில் கண்டுபிடித்தால் யாரும் வியக்கப் போவதில்லை. நடுவில் கடல்கள் கிடக்கின்றன. செர்ச்சுக்கும் மாசாய்க்கும் நடுவில் கிடந்தது ஒரு பஸ் டிக்கெட். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இவ்வளவு தாமதம் எப்படி நேர்ந்தது என்பதே இத்துறையின் முதற்கேள்வி.

தலையாய காரணம் இளையராஜா. செர்ச்சின் முதல் ஆல்பம் வந்த 1985-இல் தோட்டத்து லயங்களிலும் தாமான் வீடுகளிலும் குடிபுகுந்தவை 'முதல் மரியாதை'யும் 'சிந்து பைரவி'யும். அவர்களின் 'மெந்தாரி மேரா டி ஊஃபுக் தீமோர்' ஆல்பம் வந்த 1987-இல் இளையராஜாவின் 400-ஆவது படமான 'நாயகன்' வந்தது. 'ஃபெனோமெனா' வந்த 1989-இல் ஒரு பக்கம் 'கரகாட்டக்காரன்', மறுபக்கம் 'அபூர்வ சகோதரர்கள்'. வீட்டுக்கு ஒரு கேசட் பெட்டி. அதன் பொத்தான் அப்பாவின் கையில். மிச்ச நேரத்தை அரசு வானொலியின் தமிழ்ப் பிரிவு, அதாவது இன்றைய மின்னல் எஃப்எம், எடுத்துக்கொண்டது. உள்ளூர் எலக்ட்ரிக் கிட்டாருக்கு அந்த வீட்டில் கால் மணி நேரம்கூட ஒழியவில்லை.

மொழி ஒரு தடையாக இருந்தது என்ற வாதம் நிற்காது. எஸ்பிஎம் தேர்வு வரை மலாயில் எழுதி, வேலையிடத்தில் நாள் முழுக்க மலாயில் பேசி, மலாயிலேயே சண்டையும் போட்டு வீடு திரும்பியவர்களுக்குப் பாட்டின் மலாய் மட்டும் புரியாமல் போயிருக்க முடியாது.

அடுத்த காரணம் முடி. தோள் வரை தொங்கும் முடி, காலோடு ஒட்டிய ஜீன்ஸ், கணுக்காலுக்கு மேல் ஏறும் வெள்ளைக் காலணி: இந்த மூன்றும் சேர்ந்தவரை ஊர் 'மாட் ராக்' என்றது. தமிழ்ப் பெற்றோர் அந்தச் சொல்லைக் கெட்ட சகவாசம் என்ற பொருளில் எடுத்துக்கொண்டார்கள். இந்த முடிக் கொள்கை சீரானதன்று. டி. ராஜேந்தரின் தலைமுடிக்கும் தாடிக்கும் அதே வீடுகளில் எந்த ஆட்சேபமும் எழவில்லை. பினாங்கின் அல்லிகேட்ஸ் குழுவுக்கும் முழு அனுமதி இருந்தது. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் சகோதரர்கள் பாடியது மலாய்ப் பாட்டு. தலையில் இருந்தது ஒரு பானை அளவுக்குச் சுருள்முடி. இருந்தும் 'நம்ம பிள்ளைங்க' என்று அத்தைமார் பெருமைப்பட்டார்கள். தலை தமிழ்த் தலையாக இருந்தால் முடியின் நீளம் கணக்கில் வராது என்பதே இதிலிருந்து பெறப்படும் விதி. செர்ச்சில் அப்படியொரு தலை இல்லை.

ஆனால் 'முதன்முறையாகக் கேட்டேன்' என்று தாமதச் செவியர் தரும் வாக்குமூலத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. கூலாயிலிருந்தும் மாசாயிலிருந்தும் பாசிர் கூடாங்குக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற 'பாஸ் கிலாங்' இங்கே முக்கியச் சான்று. விடியாத நேரம். ஓட்டுநரின் தலைக்கு மேல் வலைத்துணி கிழிந்த ஒலிபெருக்கி. கேசட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு மட்டும். மூன்றாம் வரிசையில் கண்ணாடியில் தலை சாய்த்து, மடியில் சாப்பாட்டுப் பையோடு உறங்கும் தமிழருக்கு ஒரு பாட்டின் பெயரும் தெரியாது. ஆனால் கிட்டார் தனியாவர்த்தனம் முடிந்து ஏமியின் குரல் மேல் ஸ்தாயிக்கு ஏறும் இடத்தில் சரியாகக் கண் விழிப்பார். பஸ் தொழிற்சாலை வாசலில் திரும்பும் இடமும் அதுவே. இதை 'முற்செவி' எனலாம். மூளை பதிவு செய்யாததை உடம்பு பதிவு செய்துவைத்திருக்கிறது. முப்பது ஆண்டு கழித்து மகனின் காரில் அதே பாட்டு ஒலிக்கும்போது, 'இது எனக்குத் தெரியுமே' என்று அவர் திடுக்கிடுவதற்கு இதுவே காரணம்.

முற்செவியின் மிகப் பெரிய சேமிப்பு 'இசபெல்லா'. 'ஃபெனோமெனா' ஆல்பத்தில் உள்ள இந்தப் பாட்டை எழுதியவர் பாப் லோக்மான். நகைச்சுவை நடிகராகவும் அறியப்பட்டு, பிற்காலத்தில் சமயப் பேச்சாளரானவர். இரு வேறு உலகங்களைச் சேர்ந்த காதலர் பிரிவது பாட்டின் பொருள். மலேசியாவில் மட்டுமல்லாமல் இந்தோனேசியாவிலும் அது பேய்த்தனமாக ஓடியது. 1990-இல் ஏமியே நடிக்க, அதே பெயரில் படமும் வந்தது. ஸ்கூடாயில் எந்தத் திருமண விருந்துக்குப் போனாலும், கராவோக்கே வைத்திருந்தால், எட்டரை மணிக்கு மேல் ஒரு பெரியப்பா மேடை ஏறி இதைப் பாடுவார். திரையைப் பார்க்க மாட்டார். ஒரு வரியும் தவறாது. பாடியவர்கள் யார் என்று கேட்டால் 'அதான், அந்த நீட்டு முடிக்காரன்' என்பார். ஆகவே செர்ச்சுக்குள் நுழையும் வாசல் 'இசபெல்லா' என்று பலரும் சொல்வது தவறு. அது வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதைத் தெரிந்தவர்கள் குழுவையே தெரிந்துகொண்டதாக நம்பி அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். அலைபேசியின் பாட்டுச் செயலிகளும் அதையே முன்னால் நீட்டி இந்த மயக்கத்தை வளர்க்கின்றன.

எங்கிருந்து தொடங்குவது என்பதில் கட்சிகள் உண்டு. ஆதிவாதிகள் 1985-இலிருந்து வரிசையாக வர வேண்டும் என்பார்கள்: 'சிந்தா புவாத்தான் மலேசியா', 1986-இன் 'லாங்கிட் டான் பூமி', 1987-இன் 'மெந்தாரி மேரா', 1989-இன் 'ஃபெனோமெனா', 1990-இன் 'கரிஸ்மா', 1992-இன் 'ரேம்பேஜ்'. முறை என்று பார்த்தால் குற்றம் சொல்ல முடியாது. ஒரு குழு தன் குரலைக் கண்டெடுப்பதைக் கூடவே இருந்து பார்க்கலாம். சிக்கல் கேட்பவரின் வயதில் இருக்கிறது. ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரை முதல் ஆல்பத்தின் முரட்டுச் சத்தத்தில் இறக்கிவிட்டால், 1989-க்கு வந்து சேருமுன் அவர் இளையராஜாவிடமே திரும்பிவிடுவார். ஆல்பமே வேண்டாம், சிறந்த பாடல் தொகுப்பு ஒன்று போதும் என்பது தொகுப்புவாதிகளின் கட்சி. பந்தியில் பாயசத்தை மட்டும் குடித்துவிட்டு எழுந்தவர்களோடு வாதிட ஒன்றுமில்லை.

இக்கட்டுரை நடுவிலிருந்து தொடங்குவதையே ஏற்கிறது. 'ஃபெனோமெனா'வை எடுத்து அதன் தலைப்புப் பாடலை முதலில் கேட்க வேண்டும். முரட்டுக் கிட்டாரும் கிழக்கத்திய மெட்டும் ஒன்றையொன்று விழுங்காமல் எப்படிச் சேர்ந்திருக்க முடியும் என்பது அதில் தெரியும். சிங்கப்பூரில் பிறந்து மலாய் இசையின் திசையையே மாற்றிய எம். நசீரின் (குழுவின் பாஸ் நசீர் வேறு) கைவண்ணத்தை இந்தக் காலத்துச் செர்ச்சில் நன்றாகவே உணரலாம். அல்லிகேட்ஸுக்கும் மெட்டமைத்தவர் அவர் என்பதால், அத்தைமார் அனுமதித்த குழுவையும் அனுமதிக்காத குழுவையும் இணைக்கும் ஒரு நூல் கிடைக்கிறது. 'இசபெல்லா' வந்ததும் தாண்டிவிட வேண்டும். முழு ஆல்பத்தையும் அது இல்லாமல் இரண்டு சுற்று கேட்ட பிறகு அதைத் திரும்ப அனுமதிக்கலாம். அப்போது அது கராவோக்கேயிலிருந்து விடுபட்டு, ஓர் ஆல்பத்தின் நடுவே வரும் பாட்டாகக் காதில் விழும். அடுத்து ஓரடி பின்னால் போய் 'மெந்தாரி மேரா'. அதற்கும் பிறகே 1985-இன் முரட்டுத்தனத்துக்குச் செவி தயாராகும்.

இப்பாடல்களை இன்று எல்லோரும் 'ராக் காப்பாக்' என்ற வகையில் சேர்க்கிறார்கள். உருகி வழியும் மெதுவான பாடல்களுக்கு 'ஜிவாங்' என்று தனிப் பெயர். தொல்காப்பிய முறைப்படி இவற்றுக்குத் திணை வகுப்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பிரிவைப் பாடுவதால் பாலை என்று முதலில் தோன்றும். ஆனால் நிலமோ ஜொகூர் நீரிணைக் கரை. எதிரே தெரிவது சிங்கப்பூரின் விளக்குகள். கடல் சார்ந்த நிலம் நெய்தல். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். ஜிவாங் பாடகர் தொடக்கம் முதல் முடிவு வரை செய்வதும் இரங்கலே. சிறுபொழுது மட்டும் உதைக்கிறது. நெய்தலுக்குரியது எற்பாடு, அதாவது பொழுது சாயும் நேரம்; மாட் ராக் எழுந்திருப்பதே அதற்குப் பிறகு. கருப்பொருளில் பறை இருக்கும் இடத்தில் யாசிட்டின் டிரம்ஸையும், யாழ் இருக்கும் இடத்தில் டின்னின் கிட்டாரையும் வைத்துக்கொள்ள உரையாசிரியர்கள் மறுக்கமாட்டார்கள்.

கேட்கும் இடம் குறித்தும் சொல்ல வேண்டும். வீட்டுக் கூடம் உதவாது. டிவி சீரியல் ஒருபுறம், 'என்ன இரைச்சல் இது' என்ற விசாரணை மறுபுறம். சிறந்த இடம் 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர்-சிங்கப்பூர் பாலம். நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை சிங்கப்பூரில் வேலை முடிந்து காரில் திரும்புபவருக்கு 'ஃபெனோமெனா'வின் இரண்டு பக்கமும் ஓடி முடிந்த பிறகும் பாலம் மிச்சமிருக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டால் யாருக்கும் தொந்தரவில்லை. வண்டி நகராததால் விபத்துக்கும் இடமில்லை. மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு இது பொருந்தாது.

தாமதச் செவியர் தடுக்கி விழும் பள்ளங்கள் இரண்டு. இந்தோனேசியப் பாடகி இங்கா கிறிஸ்டியோடு ஏமி பாடிய 'சிந்தா கித்தா'வைச் செர்ச் பாடலாக எண்ணுவது ஒன்று. அது ஏமியின் பாட்டு, குழுவின் பாட்டன்று. அவி பாடும் விங்ஸ் குழுவின் பாட்டையெல்லாம் செர்ச் கணக்கில் எழுதிவிடுவது மற்றொன்று. இந்த இரண்டாவது தவற்றை மாமாக் கடையில் நாலு பேர் முன்னால் செய்தால், பக்கத்து மேசை தே தாரேக்கைக் கீழே வைத்துவிட்டுத் திருத்த வரும். திருத்தம் கடை மூடும்வரை நீளலாம்.

மீண்டும் முடி. 1992-இல், நீள முடி வைத்த ராக் கலைஞர்கள் அரசு ஒளிபரப்பான ஆர்டிஎம்மில் தோன்றக் கூடாது என்று தடை வந்தது. அப்போதைய தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட், ஊரார் வாயில் 'தோக் மாட்', ஜொகூரின் புலாய்த் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர். ஜொகூரின் முடியை ஜொகூரே வெட்டிக்கொண்ட நிகழ்ச்சியாக இதை வரலாறு பதிவு செய்யலாம். ஏமியின் முடியும் போயிற்று. நாட்டில் பாதிப் பேர் அதைப் பேசிக்கொண்டிருந்தபோது, தமிழ் வீடுகளில் அதற்கு நேரமில்லை. அதே ஆண்டு 'ரோஜா' வந்துவிட்டது, ரஹ்மான் என்ற பையன் யார் என்ற விசாரணை நடந்துகொண்டிருந்தது. இளையராஜா கொஞ்சம் இடம் விட்ட சமயத்தில் செர்ச் உள்ளே நுழைந்திருக்க முடியும் என்று சொல்வோருக்கு இதுவே பதில்.

முடிப் பிரச்சினைக் காலத்தில் குரல் எப்படி இருந்தது என்பதற்கு, முதலில் 'கரிஸ்மா'வையும் பின்னர் 'ரேம்பேஜை'யும் கேட்டுத் தாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளலாம். 'ரேம்பேஜ்' வரை வந்துவிட்டவருக்கு வழிகாட்டி தேவைப்படாது. அவர் விங்ஸுக்குப் போகலாம். அங்கே 'ஹுக்கும் கர்மா'விலிருந்து தொடங்க வேண்டும்.